கடைசி வரை நிரப்பிப் பார்த்த பெட்டி

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, கல்யாணமாகி அருள்புரத்துக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் வேலைக்குப் போனவள். அடியில் விளக்கு எரியும் மேஜை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு எது கண்ணில் பட்டாலும் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். அங்கிருந்துதான் இப்போது இருக்கும் பிரிண்டிங் யூனிட்டுக்கு மாறினேன். டிசைன் ரூமில் படங்களைத் தேடி எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். முருகன் புண்ணியத்தில் அங்கேயே வேர் பிடித்துவிட்டேன்.

எங்கள் யூனிட்டில் பனியன் துணி மேல் டிசைன் அச்சடிக்கிறோம். பூ, கோடு, யானைக்குட்டி, நிலா என்று வெளிநாட்டில் வாங்குகிற பையர் என்ன கேட்டாலும் போடுவோம். ஒவ்வொரு டிசைனும் கம்ப்யூட்டரில் ஒரு பெரிய படம். போன வருஷம் போட்ட அதே யானைக்குட்டி மறுபடியும் வேண்டும் என்று ஆர்டர் வரும்போது அதே படத்தைத் திறந்தாக வேண்டும். புதிதாக வரைந்தால் காது கொஞ்சம் சாய்ந்துவிடும், சாம்பல் நிறம் கொஞ்சம் ஏறிவிடும், சரக்கு திரும்பி வந்துவிடும். அதனால் எங்கள் கம்பெனியின் உயிர் மெஷினில் இல்லை, படங்களில் இருக்கிறது என்று நான் எப்போதும் சொல்லுவேன். அந்தப் படங்கள் கம்ப்யூட்டரோடு மாட்டுகிற சின்னச் சின்ன டிஸ்க் பெட்டிகளில் சிதறிக் கிடந்தன. அவற்றில் சில ஏற்கெனவே படுத்துவிட்டன. மிச்சமும் முனக ஆரம்பித்திருந்தன.

எல்லாவற்றையும் ஒரே பெரிய பெட்டிக்கு மாற்றிவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், சின்ன வயது, சுறுசுறுப்பு. பெட்டியைத் திறந்து காட்டினார். முன்பக்கம் சின்னச் சின்னக் கதவுகளாகப் பன்னிரண்டு டிஸ்க்.

"இது பூராத்தையும் ரெய்டுல போட்டு ஒண்ணாக் கட்டிருவோம்க்கா" என்றார்.

முதலாளி பின்னாலேயே நின்றிருந்தார். "ஏனுங்க தம்பி, அந்தப் பேரை இங்க சொல்லாதீங்க. கீழ அக்கவுண்ட்ஸ்ல காதுல உழுந்தா ஆளே இருக்க மாட்டாங்க."

இன்ஜினியர் சிரித்துக்கொண்டே எனக்குப் புரியும்படி சொன்னார். "வெளிய இருந்து பாத்தா ஒரே டிஸ்க்கு மாதிரி இருக்கும்க்கா. உள்ள ஒவ்வொரு படத்தையும் பிச்சுப் பிச்சு எல்லா டிஸ்க்குலயும் எழுதும். அதுல ரெண்டு செத்துப்போனாலும் மிச்சம் இருக்கது சேந்து கணக்குப் போட்டு, செத்ததுல என்ன இருந்துச்சோ அதைச் சொல்லிரும். மூணாவதும் செத்தா அவ்வளவுதான். ஒண்ணும் தேறாது."

கட்டி முடித்தார். திரையில் அதன் மொத்த அளவு வந்து நின்றது. அத்தனை பெரிய எண்ணை நான் எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. இன்ஜினியரே, "இவ்வளவு பெருசு நானும் இப்பத்தான் கட்டுதேன்" என்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஒரு படத்தை உள்ளே போட்டுத் திறந்து பார்த்தார். நன்றாகத் திறந்தது.

முதலாளிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அவர் ஏற்கெனவே வெள்ளகோவில் பக்கம் இருக்கும் தன் குலதெய்வத்திடம் போய்ப் பூக் கேட்டுவிட்டு வந்திருந்தார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை படங்களை மாற்றலாமா என்று கேட்டதற்கு வெள்ளை வந்திருக்கிறது. மாற்றியதும் பழைய பெட்டிகளை அழித்து, பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மச்சானுக்குக் கேமரா பதிவுக்குக் கொடுப்பதாகவும் சொல்லிவிட்டார்.

அழித்துவிட்டால் வேறு எங்கும் அந்தப் படங்கள் இல்லை. இன்னொரு நகல் வேண்டும் என்று இன்ஜினியர் சொல்லத்தான் செய்தார். அதை அடுத்த சீசனுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி.

"ஏனுங்ணா, வெள்ளிக்கிழமைக்குள்ள இதைக் கடைசி வரைக்கும் நிரப்பிப் பாத்துக்கலாங்களா?" என்றேன்.

"எதையம்மிணி?"

"இந்தப் பெட்டியத்தானுங்க. இப்பப் போட்ட படம் மொத எடத்துல உக்காந்துருக்குது. கடைசி எடத்துல போட்டாலும் இப்படி நிக்குதான்னு யாரும் பாக்கலீங்களே. துணி ரோலுல மேல் சுத்து நல்லாத்தானுங்க இருக்கும். உள்ள பைப்புக்கிட்டப் போனாத்தான் ஊசிக்கோடு தெரியும்."

"அதான் எவ்வளவு புடிக்குமுன்னு திரையில அதே சொல்லுதே."

"ரோல் மேல ஒட்டிருக்கற சீட்டுலயும் எத்தனை கிலோன்னு எழுதித்தானுங்க இருக்கும். நாம தராசுல போடாமயா வாங்கறோம்?"

முதலாளிக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். "அம்மிணி, சாமி உத்தரவு குடுத்தாச்சு. அதுக்கு மேல நீ பரீட்சை வெக்கறயா?"

"சாமிக்கு இல்லீங்ணா. பெட்டிக்குத்தானுங்க."

இதை நான் வாய்த்துடுக்காகச் சொல்லவில்லை. நானும் பூக் கேட்கிறவள்தான். மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை விரதம் ஒன்றையும் விட்டதில்லை. ஆனால், கையால் தொட்டு, கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றைச் சாமியிடம் கொண்டுபோய்க் கேட்பது எனக்குச் சரியாகப் படுவதில்லை. பார்க்கத்தானே கண்ணைக் கொடுத்திருக்கிறார். பார்த்துவிட்டு, அதற்கு மேல் நமக்குத் தெரியாதது எதுவோ அதை அவரிடம் விட வேண்டும். என் பக்தி அவ்வளவுதான். அதில் எனக்குக் குழப்பம் ஒன்றும் கிடையாது.

இன்ஜினியர் என் பக்கம் நின்றார். "அக்கா சொல்லுதது சரிதான் சார். நாங்க எங்கயும் முழுசா நிரப்பிப் பாக்கதில்ல. நாள் கணக்குல ஓடும், யாரும் விட மாட்டாங்க. வெள்ளிக்கு இன்னும் நேரம் கெடக்கே, ஓட்டிப் பாத்துருவோம்."

எப்படி நிரப்புவது என்பதை அவர்தான் யோசித்துச் செய்தார். யானைக்குட்டிப் படத்தையே எடுத்து, அதன் நெற்றியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படமாகப் பெட்டி நிறையும் வரை தானாகவே எழுதிக்கொண்டு போகும்படி ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். எண் இருந்தால்தான் எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடியும். செக்கிங்கில் ரோலுக்கு ரோல் நம்பர் எழுதுவது போலத்தான் இதுவும். ஓட விட்டுவிட்டு அவர் கோயம்புத்தூர் போய்விட்டார்.

காலையில் வந்ததும் விளக்கு மாடத்துக்கு ஒரு கும்பிடு, அப்புறம் அந்தத் திரையைப் பார்ப்பது என்று எனக்கு வழக்கமாகிவிட்டது. எண் ஏறிக்கொண்டே இருந்தது. முதலாளி மாடி ஏறி வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக் கேலி செய்வார்.

"என்ன அம்மிணி, உன்ற யானை வயிறு நெறைஞ்சுதா?"

"இன்னும் பாதிகூட ஆகலீங்ணா."

"என்ற ஊட்டுல பையன் ஒருத்தன் இருக்கறான், அவனும் இப்படித்தான். போடப் போடத் திங்கறான்."

திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பெட்டி பாதியைத் தாண்டியிருந்தது. ஒரு பிழையும் வந்ததாகத் திரையில் இல்லை. எல்லாம் சரியாக எழுதப்பட்டது என்றுதான் போட்டிருந்தது. சும்மாதான், முதல் படத்தைத் திறந்து பார்ப்போம் என்று திறந்தேன்.

யானைக்குட்டி நெற்றியில் ஒன்று என்று இருக்க வேண்டும். அங்கே இருந்தது நீளமான ஒரு எண். சற்று முன்னால் எழுதப்பட்ட படத்தின் எண். இரண்டாவதைத் திறந்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவது திறக்கவே இல்லை.

எனக்கு ஏன் என்று தெரியவில்லை. ஆனால், என்ன நடந்திருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எங்கள் கீழ்த்தளத்தில் ரோட்டரி மெஷின் ஓடுகிறது. அதில் டிசைன் இருக்கிற உருளை ஒரு சுற்று முடிந்ததும் மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வரும். இந்தப் பெட்டியும் ஒரு அளவு வரை போய், மேலே போக இடம் தெரியாமல் ஆரம்பத்துக்கே வந்து, இருந்த படங்களின் மேலேயே எழுதியிருக்கிறது. சத்தம் போடாமல், சரி சரி என்று சொல்லிக்கொண்டே.

இன்ஜினியருக்குப் போன் செய்தேன். "பெட்டிய ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கா" என்றார். செய்தேன். அத்தனை யானைகளும் மாயம். புதுப் பெட்டி போல இருக்கிறதே, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. அதையும் அவரிடம் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு வருதேன்க்கா" என்றார்.

வந்து, பெட்டியைப் பிரித்து, யார் யாருக்கோ போன் செய்து, மத்தியானத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். டிஸ்க்குகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி வைக்கிற கார்டு பழைய மாடல். இவ்வளவு பெரிய இடத்தை அதற்கு எண்ணத் தெரியவில்லை. அளவை மட்டும் முழுசாகக் காட்டிவிட்டது. எந்தப் படம் எங்கே என்ற பட்டியலும் ஆரம்பத்தில்தான் இருக்குமாம், அதன் மேலும் எழுதியதால்தான் ஆஃப் செய்ததும் எல்லாம் மாயமாகியிருக்கிறது. நானாக இருந்தால் அந்தக் கார்டு வரை போயிருக்கவே முடியாது.

"சின்னதாக் கட்டிருந்தா இது வெளிய வந்துருக்கவே செய்யாதுக்கா. இந்தக் கார்டுல இவ்வளவு பெருசு யாரும் கட்டிப் பாக்கல போல" என்றவர், தன் கம்பெனியோடு அங்கேயே சண்டை போட்டுப் புதுக் கார்டு வரவழைத்தார்.

முதலாளியிடம் சொல்ல வேண்டியது என் வேலையாகிவிட்டது. சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டிசைன் போகாமல் தப்பித்ததே என்ற ஆறுதலைவிட வேறு ஏதோ ஒன்று அவரை உறுத்துவது தெரிந்தது.

"அப்ப வெள்ளைப் பூ பொய்யா அம்மிணி?"

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. கேலி இல்லை, கோபம் இல்லை. சாமி தன்னைக் கைவிட்டதோ என்றுதான் கேட்டார்.

"பொய்யில்லீங்ணா" என்றேன். "உங்களுக்கு வெள்ளிக்கிழமைன்னு வந்ததாலதானுங்க நமக்கு இத்தனை நாள் கெடைச்சுது. அன்னிக்கே மாத்தலாம்னு வந்திருந்தா நானும் பாத்திருக்க மாட்டேன், நீங்களும் உட்டிருக்க மாட்டீங்க. அந்த நாளை மாத்த வேண்டாமுங்க. வெள்ளிக்கிழமை வெளக்கேத்திப் புதுக் கார்டுல யானைய மறுபடி ஓட உடலாம். படத்தை அப்பறம் மாத்திக்கலாம்."

யோசித்தார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். நீ உன்ற வாயால 'சரிங்க'ன்னு சொன்னாத்தான் பழசுல கை வெப்பேன். சொன்னதுக்கப்பறம் ஒரு டிசைன் காணோம்னு வந்துச்சுன்னா, பையருக்கு நீயும் நானும் சேந்துதான் பதில் சொல்லோணும்."

"ஆகட்டுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை டிசைன் ரூமைக் கழுவிக் கோலம் போட்டோம். முதலாளியம்மா தாம்பாளத்தோடு வந்தார். இன்ஜினியர் அந்தச் சின்ன அறையில் சாம்பிராணி வேண்டாம் என்று கெஞ்சியதால் ஊதுவத்தி வாசலோடு நின்றது. நல்ல நேரத்தில் முதலாளி கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டினார். யானை ஓட ஆரம்பித்தது. தேங்காய் உடைக்க நாங்கள் மூன்று பேரும் வாசலுக்குப் போனோம். முதலாளியம்மா பெட்டிக்குச் சந்தனம் வைப்பதற்காக உள்ளேயே நின்றார்.

ஆயுத பூஜையன்று எங்கள் ஊரில் தையல் மெஷின்களில் ஒன்றுக்குப் பொட்டு வைத்து ஒன்றை விட்டுவிடும் பழக்கம் இல்லை. நூறு மெஷின் இருந்தாலும் நூறுக்கும் வைக்க வேண்டும். விட்டுப்போன மெஷின் முகம் சுளிக்கும் என்பார்கள். முதலாளியம்மா முப்பது வருஷமாக அப்படி வைத்துப் பழகிய கை. பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பார்த்திருக்கிறார். முன்பக்கம் வரிசையாகக் கதவுகள். ஒவ்வொன்றும் தனி டிஸ்க் என்று அவருக்கும் தெரியும்.

தேங்காய் உடைந்த சத்தத்தோடு உள்ளேயிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. கீச்சென்று விடாமல் அலறியது. ஓடினேன். முதலாளியம்மா இடது கையில் இரண்டு டிஸ்க்குகளை உருவி வைத்திருந்தார், இரண்டின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். வலது கைக் கட்டைவிரல் மூன்றாவது கதவின் கொக்கி மேல் இருந்தது.

"அக்கா! கைய எடுங்க!"

முதலாளியம்மாவிடம் நான் அப்படிக் குரலை உயர்த்தியது அன்று ஒரு நாள்தான். அவர் பயந்துபோய்க் கையை எடுத்தார்.

"என்னாச்சு கண்ணு? பொட்டுத்தான வெச்சேன்?"

நான் திரையைப் பார்த்தேன். இன்ஜினியரும் பார்த்தார். மேலே சிவப்பில் ஏதேதோ எச்சரிக்கை. ஆனால், கீழே யானையின் எண் ஏறிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் மெதுவாக, ஆனால் நிற்காமல். முதல் படத்தைத் திறந்தேன். நெற்றியில் ஒன்று.

இன்ஜினியர் டிஸ்க்குகளை வாங்கி, சந்தனம் உள்ளே போகவில்லை என்று பார்த்து, அதனதன் இடத்தில் சொருகினார். அலறல் நின்றது. இரண்டு விளக்குகள் மினுக்க ஆரம்பித்தன. விட்டுப்போனதை மற்ற டிஸ்க்குகளிடம் கேட்டுத் திரும்ப எழுதிக்கொள்கிறது என்றார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

"அம்மா, இதை நானே ஒரு நாள் செஞ்சு பாக்கணும்னு இருந்தேன். ஒண்ணை மட்டும் உருவலாம்னு. ஓடிக்கிட்டு இருக்கும்போது ரெண்டை உருவ எனக்கே தைரியம் வராது."

முதலாளியம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "நானா உருவுனேன்? சாமிதான் உருவச் சொல்லியிருக்கும்."

"ஆமா" என்றார் முதலாளி. "மூணாவதுக்கு மட்டும் சாமி, அம்மிணி வாயில வந்து கத்திருச்சு."

எல்லோரும் சிரித்தோம். ஆனால், எனக்கு அது வெறும் சிரிப்பாக இல்லை. சாமியிடம் கேட்கவேண்டாம், நாமே பார்த்துக்கொள்வோம் என்று நான் இருந்தேன். அவரோ பொட்டு வைக்கிற கையைக் கொண்டே எங்கள் யாருக்கும் துணிவில்லாத பரீட்சையை வைத்துக் காட்டிவிட்டார். இதை யார் எப்படிச் சொன்னாலும் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். அன்று பிரசாதச் சர்க்கரைப் பொங்கல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

யானை ஓடி ஓடி, ஒரு நாள் இதற்கு மேல் இடமில்லை என்று நின்றது. முதல் படத்தைத் திறந்தேன், ஒன்று. கடைசியைத் திறந்தேன், கடைசி எண். போன தடவை திரும்பி வந்த அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் திறந்து திறந்து பார்த்தேன். ஆஃப் செய்து ஆன் செய்து மறுபடியும் பார்த்தேன். ஒவ்வொரு யானையும் அதனதன் எண்ணோடு இருந்தது. அப்புறம்தான் யானைகளை அழித்துவிட்டு எங்கள் டிசைன்களை ஏற்றினோம். ஏற்றியதும் பழைய பெட்டி, புதுப் பெட்டி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்ஜினியர் புரோகிராம் வைத்து ஒப்பிட்டார். நான் என் பங்குக்குக் கண்ணால் ஒப்பிட்டேன். கண்ணுக்கு வேலை கொடுக்காமல் எனக்கு மனசு ஆறாது.

பழைய பெட்டிகளை எடுத்துப்போக மச்சான் வண்டி அனுப்பியிருந்தார். டிரைவர் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். முதலாளி மாடி ஏறி வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்ன அம்மிணி?"

"அழிச்சர்லாமுங்ணா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தானுங்க சொல்றேன். சரிங்க."

அவர் இன்ஜினியரைப் பார்த்தார். அவரும் தலையாட்டினார். ஆனால், பட்டனை இன்ஜினியர் என்னையே அழுத்தச் சொன்னார். முருகா என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டு அழுத்தினேன். ஒவ்வொரு பெட்டியாகக் காலியாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷமாக எங்கே எந்தப் படம் என்று மனசுக்குள் தூக்கிக்கொண்டு நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கியது. டிரைவர் வந்து பெட்டிகளைத் தூக்கிப் போனார். "கோழிக்கு எதுக்குங்க்கா இத்தனை கேமரா? ஓடியா போயிரப்போகுது?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினார்.

அன்று சாயங்காலம் பல்லடம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுதான் ஞாபகம். கண்டக்டர் கம்பியைத் தட்டி எழுப்பினார்.

"ஏனுங்க்கா, எறங்கலீங்களா? பல்லடமே வந்துருச்சு. அருள்புரத்துல எத்தனை சத்தம் போட்டேன். அப்படி என்னங்க தூக்கம்?"

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஏன், அருள்புரத்துல பஸ்ஸு நிக்கலியா?" என்றார்.

"நின்னுச்சுங்க. நாந்தான் தூங்கிப்போட்டேன்."

"நீயா? பஸ்ஸுலயா?" என்று அவர் நம்பாமல் கேட்டார். இத்தனை வருஷத்தில் நான் பஸ்ஸில் கண் மூடியதே இல்லை.

திரும்பி வந்த பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன்.